வீட்டில் சுகமில்லை என்று தெரிந்ததும் எங்களைக் கேட்பதை நிறுத்தாதீர்கள்

குமரி மாவட்டத்தில் வெளிவரும் கத்தோலிக்க இதழ்களின் ஆசிரியர்களாக இருக்கும் தந்தையர்க்கும், ஆசிரியர் குழுவில் இருக்கும் அருள்சகோதரிகள், பொதுநிலையினருக்கும், மறைமாவட்ட ஊடகப் பணிக்குழுக்களுக்கும்,

தோத்திரம்.

இதை எழுதுகிறவர்கள் உங்கள் இதழ்களுக்குக் கட்டுரை, பேட்டி, மறையுரைக் குறிப்பு, சிறுவர் பக்கம், மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் என்று கூலிக்கு எழுதிக்கொடுக்கும் பெண்கள். எங்கள் வீடுகளில் பக்கவாதத்தில் விழுந்தவர் இருக்கிறார், டயாலிசிஸ் போகிறவர் இருக்கிறார், திருவனந்தபுரம் போய் கீமோ எடுக்கிறவர் இருக்கிறார். யார் வீட்டில் எது என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. கூலி என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறோம். 'சன்மானம்' என்று சொன்னால், கொடுத்தாலும் சரி, விட்டுப்போனாலும் சரி என்றாகிவிடுகிறது.

ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டார் என்ற செய்தி பங்கு முழுக்கப் பரவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்த இதழுக்கு ஆள் தேடும்போது ஆசிரியர் குழுவில் பேச்சு வரும்: "பாவம், அந்த அக்காக்க வீட்டுல சுகமில்ல, இப்பப் போய்க் கேக்க வேண்டாம்." நல்ல மனதோடு சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை கைவிட்டுப் போவது சரியாக அந்த மாதத்தில். பெரியவர்களுக்கான டயாபர் ஒன்று 40 ரூபாய் என்றே வையுங்கள். நாளுக்கு மூன்று என்றால் மாதம் 3,600 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் டயாலிசிஸ் அடங்கும். டயாபர் அடங்காது. டியூப் வழி கொடுக்கும் சத்துமாவு, படுக்கைப்புண்ணுக்கு வைக்கும் கட்டுத்துணி, அசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஆட்டோ, இவை எதுவும் அடங்காது. அந்தச் செலவைத்தான் இரண்டு கட்டுரையும் ஒரு மொழிபெயர்ப்பும் தாங்கிக்கொண்டிருந்தன. இரக்கப்பட்டு அதை நிறுத்திவிட்டு, அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்து ஜெபக் குழுவில், எங்களுக்காக ஜெபமாலை சொல்கிறீர்கள். ஜெபமாலையும் வேண்டும், அதை விட்டுவிட வேண்டாம். வேலையையும் கொடுங்கள். முடியுமா முடியாதா என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

முடியும்படி வேலையை எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இனிமேல் எழுதுகிறோம். இதில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை.

முதலில் நேரம். நோய் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் பார்த்துக்கொள்கிறவளின் கடிகாரம் நோய்க்கு நோய் வேறு. பக்கவாதத்தில் படுக்கையாகிவிட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். விட்டால் முதுகுத்தண்டின் அடிமுனையிலும் குதிகாலிலும் தோல் சிவக்கும், பிறகு புண். மூக்குவழி டியூப் இருந்தால் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, டியூப் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, 200 மில்லி அளவில் மெல்ல விட்டு, அதன்பின் அரைமணிக்குக் குறையாமல் அதே சாய்வில் வைத்திருக்க வேண்டும். உடனே மல்லாக்கப் படுக்க வைத்தால் கஞ்சி மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். இவ்வளவும் போக, ஒரு சுற்றுக்கு மிஞ்சுவது முக்கால் மணி. அதில் கை பழகியவர் 150 சொல் எழுதலாம். மறுபடி உட்காரும்போது விட்ட இடத்தைப் பிடிக்கப் பத்து நிமிடம் போகும். ஆகவே ஆயிரம் சொல் கட்டுரை என்பது ஏழு சுற்று, அதாவது இரண்டு மூன்று நாள். ஒரே மூச்சில் எழுதுகிறவர்கள் அதை ஒரு முற்பகலில் முடிப்பார்கள். அவர்களை அளவுகோலாக வைத்து "ஒரு கட்டுரைதானே, நாளைக்குத் தந்துருங்க" என்று கேட்கும்போதுதான் சிக்கல்.

டயாலிசிஸ் வேறு மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு வாரம் மூன்று நாள், இயந்திரத்தில் நான்கு மணி நேரம். ஊசி ஏற்றி இணைப்பது, எடுத்தபின் இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிப்பது, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரம். அதில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த நான்கு மணி நேரம் ஒரு பெண்ணுக்கு வாரத்தில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் அபூர்வமான நேரம். மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பின் முதல் வரைவு எல்லாம் ஃபோனிலேயே நடக்கும். பேட்டி நடக்காது: இரைச்சல், கூப்பிடும் பெயர்கள், பக்கத்தில் அழுகிறவர்கள். சிகிச்சை முடிந்த சாயங்காலம் நோயாளிக்குப் பிரஷர் இறங்கித் தளர்ந்து கிடப்பார், அன்று ஒரு வரியும் ஓடாது. செவ்வாய், வியாழன், சனி போகிறவர் வீட்டில் சனி இரவு கட்டுரை கேட்பதும் ஒன்று, கேட்காமலிருப்பதும் ஒன்று. அதே கட்டுரைக்குத் திங்கள் காலை என்று சொல்லிப் பாருங்கள், ஞாயிறு இரவே வந்துவிடும்.

கீமோதான் தேதிகளை உருட்டிவிடுவது. பல மருந்துகளுக்குச் சுற்று 21 நாள். உங்கள் மாத இதழின் கடைசித் தேதியோ எப்போதும் 15. 2026 ஜனவரி 5-ல் முதல் மருந்து ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவை ஜனவரி 26, பிப்ரவரி 16, மார்ச் 9, மார்ச் 30. இப்போது உங்கள் தேதியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஜனவரி 15, மருந்து ஏறிய பதினோராம் நாள். ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். 100.4 டிகிரி காய்ச்சல் கண்டால் பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று இருக்க முடியாது, இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிப்ரவரி 15 அடுத்த மருந்துக்கு முந்தின நாள், பையும் ரிப்போர்ட்டும் எடுத்துவைத்துத் திருவனந்தபுரத்துக்கு விடியற்காலம் கிளம்ப வேண்டும். மார்ச் 15 ஏழாம் நாள், பயம் தொடங்கும் நாள். ஏப்ரல் 15 மட்டும் பதினேழாம் நாள், நிம்மதியான வாரம். நான்கு மாதத்தில் ஒன்றுதான் தேறுகிறது. தேதியைப் பத்து நாள் முன்னால் நகர்த்தித் தரவும் பெறவும் வழியிருந்தால் நான்குமே தேறும். ஜனவரி கட்டுரை 5-க்குள், பிப்ரவரிக்கு 9 முதல் 13-க்குள், மார்ச்சுக்கு 5-லிருந்து 7-க்குள்.

எனவே வேண்டுவது இது: நான்கு வாரம் முன்னால் வேலையைச் சொல்லுங்கள், ஐந்தாம் தேதிக்கும் பதினைந்தாம் தேதிக்கும் நடுவில் எந்த நாள் என்பதை எழுதுகிறவர் குறிக்கட்டும். குறித்த நாள் தப்பினால் எங்களைக் கேளுங்கள். பக்க வடிவமைப்பு 16-ல்தான் தொடங்கும் என்றால் உங்களுக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை. முன்கூட்டி வந்த கட்டுரையை யாராவது பொறுமையாகப் படிக்கவும் நேரம் கிடைக்கும், அது இப்போது எந்த இதழிலும் நடப்பதாகத் தெரியவில்லை.

காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஃபோன் வேண்டாம். அது உடம்பு துடைத்து, துணி மாற்றி, பிசியோதெரபி செய்விக்கும் நேரம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற செவிலியரும் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் வருவார். வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்பினால் போதும். ஏழு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பும் தந்தையர் சிலர் இருக்கிறார்கள். வார்டில் அதைப் போட்டுக் கேட்க முடியாது, காதில் மாட்டினாலும் முதல் மூன்று நிமிடம் நலம் விசாரிப்பு, எத்தனை சொல் வேண்டும் என்பது ஐந்தாம் நிமிடத்தில் வரும், எப்போது வேண்டும் என்பது வராமலே முடிந்துவிடும். பொருள், சொல் அளவு, தேதி, தொகை, பேச வேண்டியவரின் எண். இந்த ஐந்தும் ஐந்து வரியில் அடங்கும். "ரெண்டு பக்கம் எழுதுங்க" என்பது அளவாகாது. உங்கள் பக்கத்தில் எழுத்து 11 புள்ளியா 12 புள்ளியா, படம் ஒன்றா மூன்றா என்பதைப் பொறுத்து அது 500 சொல்லாகவும் இருக்கும், 900 சொல்லாகவும் இருக்கும். 900 எழுதி 500 ஆக வெட்டுகிறீர்கள், வெட்டிய 400 மூன்று சுற்று தூக்கம்.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் ஃபோனில் அடிப்பது யூனிகோட். உங்கள் வடிவமைப்பாளர் பலருக்கு இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துரு. முறையாக எழுத்துருமாற்றிக் கருவி வழி மாற்றாமல், ஒட்டிவிட்டு எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள்: காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'இ' முளைக்கும், அரைப்புள்ளி முந்தின எழுத்தின் தலையில் மெய்ப்புள்ளியாக ஏறும். இது ஏனென்றால் பாமினியில் ஆங்கில விசைகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்திருக்கிறார்கள், காற்புள்ளி விசைக்குக் கிடைத்தது 'இ'. ஆங்கிலத்தில் எழுதிய மருந்துப் பெயர் ஒன்று நடுவில் இருந்தால் அது வாயில் நுழையாத தமிழாகும். ஒரு கட்டுரையில் நூறு காற்புள்ளி என்றால் நூறு திருத்தம். அவற்றைத் திருத்தி அனுப்பும் வேலை கடைசியில் எங்கள் தலையில் விழுகிறது, அதற்குத் தனிக் கூலியும் கிடையாது. யூனிகோட் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற முடியாது என்றால், மாற்றித் தரும் வேலை வடிவமைப்பாளருடையது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

மெய்ப்பும் அப்படித்தான். இரண்டு பத்தி அமைப்பில் முழுப் பக்கத்தை பிடிஎஃப் ஆக அனுப்புகிறீர்கள். ஆறு அங்குலத் திரையில் அதைப் பெரிதாக்கி, வலமும் இடமும் இழுத்து, முதல் பத்தி முடிந்து மேலே ஏறி இரண்டாம் பத்திக்கு வருவதற்குள் கூப்பிடு வந்துவிடும். ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக வெட்டி அனுப்புங்கள், பெஞ்சில் உட்கார்ந்தே படித்துவிடலாம். கதிர்ச்சிகிச்சைப் பிரிவுகள் பெரும்பாலும் கட்டடத்தின் அடித்தளத்தில், தடித்த கான்கிரீட் சுவருக்குள் இருக்கும். அங்கே சிக்னல் வராது. அந்த நேரம் பதில் இல்லையென்றால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பணம். நீட்டி எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை அச்சான பிறகு பணம் என்பது வழக்கம். அச்சாவதோ உங்கள் கையில். ஆயர் சுற்றறிக்கை வந்துவிட்டது, ஒரு தந்தையின் மறைவுச் செய்தி வந்துவிட்டது, திருவிழாச் சிறப்பிதழ் வந்துவிட்டது என்று கட்டுரை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும். தள்ளிப்போகட்டும், அதில் எங்களுக்குக் குறையில்லை. பணத்தை மட்டும், கட்டுரையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து பதினைந்து நாளில் கொடுத்துவிடுங்கள். கூலியாளின் கூலியைப் பொழுது சாய்வதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்டம் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. நாங்கள் பதினைந்து நாள் கேட்கிறோம்.

காசோலை வேண்டாம். ஏன் என்று சொல்கிறோம். எங்களில் பலர் எழுதுவது புனைபெயரில். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் கணவர் பெயரோடு மூன்றாவது. இதழில் அச்சான பெயரிலேயே காசோலை எழுதி அனுப்பினால் வங்கியில் யாருடைய கணக்கிலும் விழாது. திருப்பி அனுப்பி, மாற்றி எழுதி வாங்குவதற்குள் தேதி போய்விடும்: 2012 ஏப்ரல் முதல் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பரிலிருந்து ஞாயிறும் இரவும்கூட வேலை செய்கிறது. கணக்கு எண்ணையும் வங்கியில் உள்ள பெயரையும் ஒரு முறை வாங்கி வைத்துக்கொண்டால் முடிந்தது. நேரில் வந்து வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கொல்லங்கோட்டிலிருந்தோ நீரோடியிலிருந்தோ நாகர்கோவில் வந்து திரும்ப அரைநாள் ஆகும். அந்த அரைநாளுக்கு நோயாளியின் பக்கத்தில் ஆள் வைத்தால் அவருக்குக் கொடுப்பதும் வாங்கியதும் சரியாகிவிடும். 500 ரூபாய்க்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டச் சொல்வதும் உண்டு. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் அது.

வரி என்று பத்து சதவீதம் பிடிப்பதும் அப்படியே. ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் ஒருவருக்குக் கொடுக்கும் எழுத்துக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. உங்கள் இதழில் எழுதி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டிய பெண் யாராவது இருந்தால் எங்களுக்கும் அறிமுகம் செய்துவையுங்கள்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இங்கே தொகை குறிக்கவில்லை. ஒவ்வொரு இதழின் சந்தா வருமானமும் வேறு. ஆனால் தொகை எழுத்தில் இருக்க வேண்டும். திருப்பலிக் காணிக்கைக்கு ஒரு தொகை உண்டு, அந்தந்தத் திருச்சபை மாநிலத்து ஆயர்கள் கூடி அதைக் குறிக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பங்கு அலுவலகத்தில் அது தெரியும், ரசீதும் கிடைக்கும். அதே தொகுப்பின் 1286-ஆம் சட்டம், திருச்சபையின் சொத்துகளை நிர்வகிப்பவர்கள், ஒப்பந்தப்படி உழைப்பவர்களுக்கு அவர்களுடைய தேவைக்கும் அவர்களைச் சார்ந்திருப்போரின் தேவைக்கும் போதுமான நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்கிறது. 'சார்ந்திருப்போர்' என்பது கட்டிலில் படுத்திருப்பவரையும் சேர்த்துத்தான். தொழில், சமூக வாழ்வு பற்றிய நாட்டுச் சட்டங்களை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. அதோடு நாட்டின் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதுகிறவரின் கட்டுரைக்கு உரிமையாளர் எழுதியவரே. எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் அது கைமாறாது, காலம் குறிப்பிடாமல் கொடுத்தால் ஐந்து ஆண்டோடு முடியும். ஆகவே வெள்ளிவிழா மலரிலும் தொகுப்பு நூலிலும் பழைய கட்டுரையை எடுத்துப் போடுமுன் ஒரு வரி கேளுங்கள், மறுவெளியீட்டுக்கும் ஒரு தொகை வையுங்கள்.

இதையெல்லாம் வாய்ச்சொல்லாக வைத்தால் நிற்காது. தந்தையர் மாற்றலாகிப் போவார்கள், புதிதாக வரும் ஆசிரியருக்குப் பழையவர் சொன்னது எதுவும் தெரியாது. நம் மாவட்டம் சிறியது, ஆனால் மறைமாவட்ட நிர்வாகம் பல: கோட்டாறு, 2014-ல் அதிலிருந்து பிரிந்த குழித்துறை, மார்த்தாண்டம் சீரோ மலங்கரை, தக்கலை சீரோ மலபார். தூத்தூர்க் கரை திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தோடு. ஒரே பெண் மூன்று இடத்துக்கு எழுதுகிறாள், மூன்று இடத்திலும் மூன்று வழக்கம். ஒரு பக்கத்தில் அடங்கும் பொதுவான ஒப்பந்தத் தாள் ஒன்றை எல்லா ஊடகப் பணிக்குழுக்களும் சேர்ந்து எழுதலாம். திருப்பலியைச் சீரோ முறையினர் குர்பானா என்பார்கள், அந்தச் சொல் வேறுபாடு கட்டுரைக்குள் இருக்கட்டும், பணம் தரும் நாள் ஒன்றாகவே இருக்கலாம்.

எங்கள் பக்கமும் கேட்பீர்கள். நோய் சொல்லிவிட்டு வராது, கட்டுரை பாதியில் நிற்கத்தான் செய்யும். அதற்கு இரண்டு ஏற்பாடு நடைமுறையில் நன்றாக ஓடுகிறது. ஒன்று, தேதி ஒட்டாத கையிருப்புக் கட்டுரைகள். உடல்நிலை சீராக இருக்கும் மாதங்களில் எழுதிய இரண்டை முன்பணம் பெற்றுக்கொண்டு உங்களிடம் கொடுத்துவைப்போம், வர முடியாத மாதம் அதிலிருந்து எடுத்துக்கொள்வீர்கள். முன்பணம் இல்லாமல் வாங்கிவைத்தால் அது வேறு பெயரில் இலவசக் கட்டுரை. இன்னொன்று, இணை எழுத்தாளர். தொடங்கும்போதே இன்னொருவர் பெயரையும் சொல்லிவிடுவோம். பேட்டிக் குறிப்பு, எண்கள், பாதி வரைவு எல்லாம் பகிர்ந்த கோப்புறையில் இருக்கும், கைமாறினால் தொகை 60-க்கு 40. இதில் தவறு நடப்பது எங்கே என்றால், யார் எதை வெளியிடச் சொன்னார், எதைத் தனக்குள் வைக்கச் சொன்னார் என்பது முதல் ஆளின் தலைக்குள்ளேயே இருந்துவிடும். கடலில் கணவரை இழந்தவரிடமோ, கன்னியர் மடத்திலோ பேசிய பேட்டி என்றால் அது பெரிய மனக்கசப்பில் முடியும். குறிப்பின் ஓரத்தில் 'போடலாம்', 'போடக் கூடாது' என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும். முடியாது என்று தெரிந்தால் மூன்று நாள் முன்னால் சொல்வோம். அவசரமானால் "இன்று முடியாது" என்று இரண்டு சொல் வரும். அதற்குமேல் என்ன ஆச்சு, எந்த வார்டு என்று கேட்டுத் தொடர் செய்தி அனுப்ப வேண்டாம். பிறகு நாங்களே சொல்வோம்.

எதைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள் என்பதிலும் ஒரு மனத்தாங்கல். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்றதும், கேட்பதை நிறுத்தாத ஆசிரியர்கள்கூட ஒரே பொருளைத்தான் கேட்கிறார்கள்: "உங்க வீட்டு அனுபவத்தையே எழுதுங்களேன், ஃபோட்டோவும் அனுப்புங்க." கட்டிலில் இருப்பவர் அதற்கு இசைந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. பெயரை மாற்றினால் போதும் என்பதும் நடக்காது. கடற்கரை ஊரில் அன்பியத்தின் பெயரையும் நோயையும் சொன்னால் எந்த வீடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதிக்கொடுத்த பிறகு கடைசிப் பத்தியில் 'துன்பத்தை மலர்ந்த முகத்தோடு ஏற்றுக்கொண்டாள்' என்பது மாதிரி ஒரு வரியை நீங்களே சேர்ப்பதையும் நிறுத்துங்கள். மலர்ந்த முகம் இருந்திருந்தால் நாங்களே எழுதியிருப்போம்.

தேவசகாயம் பிள்ளை 2022 மே 15-ல் புனிதராக உயர்த்தப்பட்ட பிறகு காற்றாடிமலைக்கு வரும் திருப்பயணிகளுக்கு என்ன வசதி இருக்கிறது, ஒக்கிப் புயலில் 2017-ல் ஆள் இழந்த வீடுகளின் பிள்ளைகள் இப்போது என்ன படிக்கிறார்கள், முந்திரி ஆலைப் பெண்களின் கைக்கு என்ன ஆகிறது, இவற்றையும் எங்களால் எழுத முடியும். அதே நேரம், நோய் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். உங்கள் இதழ்களில் வரும் மருத்துவத் துணுக்குகளை அச்சுக்கு முன் எங்களில் ஒருவரிடம் காட்டுங்கள். 'இளநீர் சிறுநீரகத்துக்கு நல்லது' என்று பொதுவாகப் போடுகிறீர்கள். டயாலிசிஸ் செய்கிறவருக்கு அதுவே ஆபத்து. இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியத்தைக் கெட்டுப்போன சிறுநீரகம் வெளியேற்றாது, இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். தென்னையும் வாழையும் நிறைந்த ஊர் இது. நம் மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பெருமையோடு போட்டோம், சரிதான். அதோடு, டயாலிசிஸ் ஆள் எவ்வளவு சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றும் ஒரு வரி வேண்டும். மரச்சீனிக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் அவித்து வடித்துக் கொட்டினால் பொட்டாசியம் குறையும் என்பது சமையல் குறிப்பில் இடம்பெற வேண்டிய செய்தி. திருப்பலி முடிந்து நலம் விசாரிக்க வருகிறவர் கையில் இளநீரோடு வருவார். அவர் உங்கள் வாசகர்.

கடைசியாக, பங்கு அளவில் ஒன்று. முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் பட்டியல் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறது. வீடு தெரியும், வழி தெரியும். அதே பட்டியலை வைத்து அன்பியத்திலிருந்து ஒருவர் மாதத்துக்கு இரண்டு முறை, மூன்று மணி நேரம் வந்து பக்கத்தில் இருந்தால் ஒரு பேட்டி எடுத்து வந்துவிடலாம். வருகிறவர் புரட்டவோ டியூப்பில் ஊட்டவோ வேண்டாம், அது பழகாத கைக்கு ஆபத்து. புரட்டிப் போட்டு ஊட்டிய உடனே நாங்கள் கிளம்பினால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் பார்த்துக்கொண்டிருந்து, மூச்சிரைத்தாலோ வாந்தி வந்தாலோ கூப்பிட்டால் போதும். நடுவில் ஒரு புரட்டல் வரும், அந்த நேரத்துக்குத் திரும்பிவிடுவோம், இல்லையென்றால் பழகிய உறவுக்காரர் வருவார். இதை உங்கள் இதழில் ஒரு பக்க அறிவிப்பாகப் போட்டால் எழுதாத வீடுகளுக்கும் உதவும்.

பிப்ரவரி 11 உலக நோயாளர் நாள். இரண்டாம் யோவான் பவுல் 1992-ல் ஏற்படுத்திய நாள், வழக்கம்போல் அந்த மாதம் சிறப்பிதழ் போடுவீர்கள், எங்களையும் நினைப்பீர்கள். ஜனவரி இருபதுக்குமேல் கூப்பிட்டு "ரெண்டு நாள்ல" என்று சொல்லாமல், கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடிந்ததும் அந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். பொருள், அளவு, தேதி, தொகை, எண். காலை பத்துக்கு முன்போ பன்னிரண்டுக்குப் பின்போ.

இப்படிக்கு,
கட்டிலருகே இருந்து எழுதும் குமரிக் கத்தோலிக்கப் பெண்கள் சிலர்